எவன் வூட்டுல ‘அன்பே’ன்னு கூப்புடுறான்?

போன வருடம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. செங்கல்பட்டில் எங்கள் தெருவை மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிப்போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலையில் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, என் கணவருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்து, மாத்திரை கொடுத்து, முகம் துடைத்துவிட்டு, அப்பாடா என்று லேப்டாப்பைத் திறந்தேன். இணையம் இல்லை. வாசலில் எட்டிப்பார்த்தால் பள்ளம் தோண்டுகிற எந்திரம் கேபிளை ஒரே கடியாகக் கடித்துத் துப்பியிருக்கிறது. அதை ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "ஒயரு பூட்ச்சுமா. நாளிக்கி வந்து பாப்பாங்கோ, இல்லாங்காட்டி திங்கக்கெழம" என்றார். ஏதோ அவர் வீட்டு முருங்கைக்கிளை ஒடிந்துவிட்ட மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கோ அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முழுப் படத்தை முடித்து அனுப்பியாக வேண்டும்.

படம் என்றதும் நான் ஏதோ சினிமாக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுப் படம் ஓடும்போது திரையின் அடியில் தமிழில் இரண்டு வரி ஓடுகிறதே, அதை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. அந்த முறை எனக்கு வந்தது ஒரு பழைய ஆங்கிலப் படம். கறுப்பு வெள்ளை. காதலும் சிரிப்புமாக ஓடும். தொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். அங்கே தொப்பி வாங்கின ஒருவன், தொப்பி மாறிப்போய்விட்டது என்று தினமும் வந்து சண்டை பிடிக்கிறான். அவள் வேறு தொப்பி கொடுத்து அனுப்புகிறாள். மறுநாள் அதுவும் தன்னுடையது இல்லை என்று வந்து நிற்கிறான். கடைசியில்தான் தெரிகிறது, அவனுடைய தொப்பி முதல் நாளிலிருந்தே அவன் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று. இவ்வளவுதான் கதை. கவலை என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள். காலையில் எழுந்ததும் கோட்டு போட்டுக்கொண்டு காதலிக்கப் போய்விடுகிறார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற காட்சி ஒன்றுகூடக் கிடையாது.

சிரிக்க வேண்டிய படம்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் கணவர் வேன் ஓட்டுகிறவர். சொந்த வண்டி. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து சிறுசேரியில் உள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த வருடம் மாசி மாதம், வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் பக்கெட்டோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சு. அரசு மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிவிட்டார். பேச்சுதான் வரவில்லை.

வரவே இல்லை என்று சொல்லக்கூடாது. ஆரம்பத்தில் ஏதோ குழறலாக வந்தது. நினைப்பது ஒரு வார்த்தை, வாயில் வருவது வேறு வார்த்தை. ஒருநாள் அவர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீட்டுக்குப் பார்க்க வந்தார். வந்தவருக்குத் ‘தண்ணி குடு’ என்று இவர் என்னிடம் சொல்ல நினைத்திருக்கிறார். "பன்னி... பன்னி" என்று வந்தது. வந்தவர் கெட்டவர் இல்லை. ஆனால், "யார்ரா பன்னி? நானா? நீ இன்னும் மாறவே இல்லடா" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குமே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அதோடு வாயை மூடியவர்தான். அதற்கப்புறம் ஒரு சத்தம் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். லைட்டை அணைக்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்காட்டுவார்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவேன். பயிற்சி கொடுப்பவள் சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. பசு, பந்து, பழம் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். ஊரையே வண்டியில் சுமந்து திரிந்த மனுஷன், அந்த அட்டைகளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அம்மா, நோய் இவ்வளவு பண்ணலை. அவரே பேச மாட்டேங்கிறார். இப்படியே வாயை மூடிக்கிட்டே இருந்தா அப்புறம் ரொம்பக் கஷ்டம். வீட்ல அவர் தினமும் வாய் நெறையச் சொல்லிட்டிருந்த வார்த்தை ஏதாவது இருக்கும், அதுதான் முதல்ல வரும். திட்டுனாலும் சந்தோஷப்படுங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அதே பயம். இனி இந்த வீட்டில் அவர் குரலே கேட்காதோ? பேச்சு நின்றுபோனால் பரவாயில்லை, ஆள் இருக்கிறாரே என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? அந்த மனுஷன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர். பேச்சுதான் அவர். சமையல்கட்டில் நின்றுகொண்டு, ஏதாவது ஒரு சண்டைக்காகவாவது கத்தித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன்.

அவர் தினமும் சொன்ன வார்த்தை எது என்று எத்தனையோ யோசித்துப் பார்த்தேன். கிளட்ச், டீசல், டிராபிக் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வண்டிச் சாவியைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். ம்ஹூம். கண்ணுக்கு எதிரே இருந்த வார்த்தை மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அது எனக்குப் பிடிக்காத வார்த்தை.

நான் திருக்கழுக்குன்றத்துப் பெண். அப்பா வாத்தியார். வீட்டில் "வாம்மா", "போம்மா" என்றுதான் பேசுவோம். படிப்பு முடிந்து சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தபோது இவர் வேனில்தான் போனேன். முதல் நாள் நான் வர ஐந்து நிமிடம் தாமதம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாமே, டைம் இன்னா ஆவுது? வண்டி ஒனக்காவ நின்னுகினே இருக்குமா?" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. மே! நான் என்ன மீன் மார்க்கெட்டில் நிற்கிறேனா? "மரியாதையா பேசுங்க. என்னை ‘மே’ன்னு கூப்பிடாதீங்க" என்றேன். "சரிமே" என்றார். வண்டியே சிரித்தது. அப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் கதை. தினமும் சண்டை. ஒருநாள் அவர் வராமல் வேறு ஓட்டுநர் வந்தபோது அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சரி, அதெல்லாம் இப்போது எதற்கு? கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் எவ்வளவு முறுக்கிக்கொண்டார்கள் என்பதை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ‘மே’ போகவில்லை. வாமே, போமே, இன்னாமே, சோறு போடுமே. எங்கள் அம்மா வீட்டுக்குப் போனால் மட்டும் நான் கண்ணாலேயே மிரட்டி வைப்பேன். அங்கே போனால் பாவம், என்னையே "வாங்க, உக்காருங்க" என்பார். என் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "ஷ்ஷப்பா, இன்னா பேஜாருமே ஒங்க வூடு" என்று ஒரு பெருமூச்சு விடுவார். பெண் வளர்ந்த பிறகு, அவள் முன்னால் அப்படிக் கூப்பிடக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்.

இப்போது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வருகிறேன். என்னை வாட்டியெடுத்தது கதை இல்லை, ஒரு வார்த்தை. கதாநாயகன் மூச்சுக்கு மூச்சு ‘டார்லிங்’ என்கிறான். தொப்பியைக் கொடு டார்லிங், மழை வருகிறது டார்லிங், உன் கடை எரியட்டும் டார்லிங். அதை அப்படியே டார்லிங் என்று விடக்கூடாது, தமிழில் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. நான் ‘கண்ணே’ என்று போட்டேன். சரிபார்க்கிறவர் ‘இயல்பாக இல்லை’ என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினார். ‘செல்லம்’ என்று போட்டேன். ‘குழந்தையைக் கொஞ்சுவது போல் உள்ளது’ என்று வந்தது. ‘அன்பே’ என்று போட்டேன். அதற்கு அவர் ஒன்றுமே எழுதவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். அதுதான் அதிகம் சுட்டது. போதாக்குறைக்கு ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டு சின்ன வார்த்தையில் முடிந்துவிடுவது தமிழில் ரயில் மாதிரி நீண்டு நிற்கும். எதையாவது வெட்டியே ஆக வேண்டும். இன்னொன்று, ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். நமக்கு நீ வேறு, நீங்கள் வேறு. அந்தப் பெண் அவனை எந்தக் காட்சியிலிருந்து ‘நீ’ என்று கூப்பிடுவாள்? இருபது வருடமாகப் போகிறது, நானே இன்னும் என் வீட்டுக்காரரை ‘வாங்க போங்க’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?

இந்த லட்சணத்தில் இணையமும் போய்விட்டது. படம் கம்பெனியின் தளத்தில்தான் ஓடும். கைபேசியில் இழுக்கலாம் என்றால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அதே கேபிள். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். அலைச்சறுக்கு விளையாட வருகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்காக வைஃபை வைத்திருக்கிறாள். அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் இவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு தோளில் லேப்டாப் பை, இன்னொரு தோளில் இவர் கை என்று கிளம்பினேன். தோண்டிப்போட்ட தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பேருந்தில் ஏறும்போது நடத்துநர், "பெர்சு, மெதுவா ஏறு, கம்பிய புடி" என்று கை கொடுத்தார். உதவிதான் செய்தார். ஆனால் ஐம்பதைக்கூடத் தொடாத மனுஷனை ‘பெர்சு’ என்றதும் இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டபோதெல்லாம் இவர் உடம்பு முன்னால் வந்து, வலது காலை அழுத்தப் பார்த்தது. பாதம் அசையவில்லை. தொடை மட்டும் இறுகியது. அதைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்தில் பேருந்து நின்றபோது, இறங்கிப் போய் அம்மாவின் கட்டிலில் ஒரு நாள் முழுக்கத் தூங்கினால் என்ன என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் களைத்திருந்தது.

நாத்தனார் எங்களைப் பார்த்ததும் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "இன்னா அண்ணி, ஒரு போன் பண்ணக்கூடாதா? அண்ணாத்தய பஸ்ல இட்டுகினு வந்துகீறியே!" என்று என்னைத் திட்டினாள். பிறகு அண்ணன் கன்னத்தைத் தடவி, "நாஸ்தா துன்னியாண்ணா? காத்து நல்லா வருது, இங்க குந்து" என்று கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஆடிக் காற்று கடலிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்தது. கடை ஓரத்தில் ஒரு ஆடு எச்சில் இலைத் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டிருந்தது. "இது ஒரு ரோதன. நூறு தபா தொரத்தினாலும் வந்து மே மேன்னு கத்தினு நிக்கும்" என்று நாத்தனார் அதைக் கரண்டியால் விரட்டினாள்.

எனக்குக் கடைக்கு உள்ளே, குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால், வாசலில். வேலை ஓடியது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து போனது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் என் தோள் வழியாகப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நான் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சி வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் அந்த டார்லிங்குகள் எல்லாம் இன்னும் அப்படியே ‘அன்பே’ என்று கேள்விக்குறியோடு நின்றன.

கூட்டம் ஓய்ந்ததும் நாத்தனாரும், கடையில் சமைக்கும் அக்காவும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். படத்தில் கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டே அவளிடம் ஏதோ சொல்கிறான்.

"இன்னா அண்ணி சொல்றான் அவன்?" என்றாள் நாத்தனார்.

நான் எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். "அன்பே, நீங்கள் கோபத்திலும் அழகாக இருக்கிறீர்கள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பிடித்தது ஒரு சிரிப்பு. சமையல்கார அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "எவன் வூட்டுல ‘அன்பே’ன்னு கூப்புடுறான்? எங்கூட்டுக்காரரு அப்டி கூப்ட்டாருன்னு வையி, எதயோ ஒடச்சிட்டு வந்துகீறாருன்னு அர்த்தம்."

"பின்ன எப்படிக் கூப்பிடுவார்?" என்றேன் அலுப்போடு.

"கூப்புடவே மாட்டாரு. இருமுவாரு. நானு போய் நிப்பேன்."

"எங்கூட்டுல பையன் பேரச் சொல்லிக் கூப்புடுவாரு" என்றாள் நாத்தனார். "நானு போனா, ஒன்ன எவ கூப்ட்டா, பையனத்தான் கூப்ட்டேன்ம்பாரு. பையன் போனா, ஒங்கம்மாவ வரச் சொல்லுடாம்பாரு."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு இருமலும் சிரிப்பும். அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

"மே."

நான் திரும்பக்கூட இல்லை. "ஐயோ, அந்த ஆடு மறுபடி வந்துடுச்சு. கொஞ்சம் விரட்டேன்" என்றேன்.

நாத்தனார் அசையவில்லை. கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "அண்ணி" என்றாள். "ஆடு இல்ல அண்ணி."

"மே" என்று மறுபடி வந்தது. இந்த முறை கொஞ்சம் கனமாக, கோபமாக.

திரும்பினேன். நாற்காலியை எப்படியோ இழுத்துக்கொண்டு வாசலிலிருந்து உள்ளே பாதி தூரம் வந்திருந்தார். இடது கை லேப்டாப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கதவைத் தள்ளுகிறவர் மாதிரி முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "இன்... இன்னா... மே" என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஆனந்தம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. முதலில் வந்தது பயம். ஐந்து மாதம் கழித்து அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கிறார், நான் ஆடு என்று சொல்லி விரட்டச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பன்னி, இன்றைக்கு ஆடு. சமையல்கார அக்காவுக்கு அந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம், சிரிக்காதே என்று கையைத் தூக்கினேன். அவளுக்கு அடக்க முடியவில்லை. இவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் சுற்றிப் பார்த்தாரே, அதே மாதிரி. போச்சு, இத்தோடு முடிந்தது, இனி இந்த வாய் திறக்காது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் வாய் கோணிக்கொண்டு போனது. அழப்போகிறார் என்று நினைத்து எழுந்தேன். தோள் குலுங்கியது. ஒரு சத்தம் வந்தது, காற்றும் எச்சிலுமாக. அழவில்லை. சிரிக்கிறார்.

"ஆ... ஆடா?" என்றார் என்னைப் பார்த்து. "ஆடா... மே?"

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. நாத்தனார் எச்சில் கையோடு அண்ணனைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் குழம்பு. சமையல்கார அக்கா காரணம் தெரியாமலே அழுதாள். நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று பைத்தியம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று இத்தனை வருடம் மன்றாடினேனோ, அதே வார்த்தை. அவரும் சளைக்காமல் சொன்னார். இதற்கு நடுவே நிஜ ஆடு இலைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. அதை யாரும் விரட்டவில்லை.

முகம் கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று புரிந்திருந்தது. நம் ஊரில் கட்டினவளை அழைக்கத் தனியாக ஒரு கொஞ்சல் வார்த்தையை வைத்துக்கொண்டு யாரும் திரிவதில்லை. இருமலில், பிள்ளையின் பெயரில், ‘வா’விலும் ‘போ’விலும் ஒட்டிக்கொண்டுதான் அது வருகிறது. அத்தனை அன்பேக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எடுத்தபின் வரிகள் கணக்குக்குள் அடங்கின, படித்தால் மனிதர்கள் பேசுவது மாதிரியும் இருந்தது. கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு குறும்பு செய்தேன். அந்தப் பெண், உங்கள் தொப்பி எங்கே என்று கேட்பாள். அதற்கு அவன் சொல்கிற கடைசி வசனத்திலும் ஒரு டார்லிங் உண்டு. அங்கே, ‘தொப்பி கெடக்குது, வாமே!’ என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் சரிபார்க்கிறவரிடமிருந்து வந்தது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். கடைசி வரிக்கு மட்டும், ‘இது எந்த ஊர் வழக்கு? எல்லோருக்கும் புரியாது, மாற்றவும்’ என்று எழுதியிருந்தார். ‘எங்கள் வீட்டு வழக்கு, மன்னிக்கவும்’ என்று பதில் எழுதிவிட்டு, ‘தொப்பி கிடக்கட்டும், வா’ என்று மாற்றிக் கொடுத்தேன். நியாயம்தானே? கன்னியாகுமரியில் பார்க்கிறவர்கள் ஆடு என்று நினைத்துக்கொண்டால்?

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அட்டைகளைத் தூக்கி மேஜைக்குள் வைத்துவிட்டாள். அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டே மற்றதை ஒட்ட வைத்தாள். வாமே, போமே, குடுமே, தூங்குமே என்று வரிசையாகச் சொல்லவைத்தாள். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது, நொண்டி நொண்டி. கொஞ்ச நாளைக்கு அந்தப் பெண்ணையும், ஊசி போட வந்த நர்ஸையும், ஒருமுறை பெரிய டாக்டரம்மாவையும்கூட ‘வாமே’ என்று கூப்பிட்டு வைத்தார். நான் ஒவ்வொருவரிடமும் கை கூப்பிக்கொண்டு நின்றேன். பழைய பேச்சு முழுக்கத் திரும்பவில்லை. திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் விழுந்த நாளிலிருந்து வண்டியை அவருடைய நண்பர் ஒருவர்தான் ஓட்டுகிறார். நாலைந்து வார்த்தை சேர்ந்தாற்போல் வந்தால் அன்று எங்கள் வீட்டில் கேசரி.

படம் வெளியானதும் வீட்டில் போட்டுப் பார்த்தோம். பெண்ணும் கூட உட்கார்ந்திருந்தாள். அவர் முழுக்கப் பார்த்தார். கடைசிக் காட்சியில் திரையின் அடியில் ‘தொப்பி கிடக்கட்டும், வா’ என்று வந்தது. பிறகு நாற்காலியிலிருந்து, நிதானமாக, "மே" என்று சேர்த்தார்.

இப்போதும் சில நாள் எல்லா வேலையும் முடித்து, காலை நீட்டி, காபியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து உள்ளேயிருந்து "மே" என்று குரல் வரும். அலுப்பாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். "ஆடு கத்துது" என்று சத்தமாக முணுமுணுத்துக்கொண்டு காபியை வைத்துவிட்டு எழுந்து போகிறேன். ஆனால் அந்தக் குரல் கேட்காமல் கிடந்த ஐந்து மாத வீட்டை நினைத்துக்கொண்டால், என்னை யாரும் அன்பே என்று கூப்பிடாதது எனக்கு ஒரு குறையாகவே தெரிவதில்லை.